மூன்றாவது நீலம்

அந்த யோசனை எங்கள் பூண்டுக் கொட்டகையில் வைத்துத்தான் எனக்கு வந்தது. கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான போளூரில் அன்று மதியமே மேகம் இறங்கிவிட்டது. வெளியே களத்தில் விதைப்பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து அப்பா சத்தம் கொடுத்தார்.

"ஏத்தா மயிலு, தார்ப்பாய வெரசா எடுத்து மூடு. நனையப் போகுது."

மூலையில் மடித்துக் கிடந்த தார்ப்பாயை இழுத்து ஓர் உதறு உதறினேன். புதுத் தார்ப்பாய், நல்ல நீலம். அது காற்றை வாங்கி உப்பி, நெளிந்து நெளிந்து தரையில் படிந்தது. மூன்று மீட்டர் டைவிங் பலகையின் நுனியிலிருந்து குனிந்து பார்த்தால் குளம் எப்படித் தெரியுமோ அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பூண்டு நனைந்தது. அப்பா வந்து திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை. அதற்குள் நான் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். இதைக் கீழே விரித்தால் கொட்டகைக்குள்ளேயே ஒரு குளம்.

எனக்கு எப்போதும் இப்படித்தான். யோசனை வந்த மறுநிமிடம் கை வேலையைத் தொடங்கிவிடும். சரியா தப்பா என்று புத்தி பின்னால் நடந்து வந்து சேரும். அந்த ஒரு யோசனை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் டைவிங் வீராங்கனையாக இருந்தவள். பன்னிரண்டு வயதில் தொடங்கி இருபத்தேழில் நிறுத்தினேன். இப்போது இருபத்தெட்டு. ஓய்வுபெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் கொடைக்கானலில் என்னோடு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "அப்ப பென்ஷன் உண்டாங்க மேடம்?" என்று கேட்கிறார்கள். உண்டு. வலது தோள்பட்டை வலி. பனி இறங்குகிற நாட்களில் அது எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

போன வாரம் நான் பயிற்சி பெற்ற விளையாட்டு விடுதிப் பிள்ளைகளின் வாட்ஸப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் முறை மாறுகிறதாம். போட்டியில் குதிக்கப்போகிற குதிகளின் பட்டியலை இனி இணையத்தில் ஏற்ற வேண்டுமாம். தகுதிப் புள்ளியும் உயர்கிறதாம். அதைப் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, நேஷனல்ல ஃபர்ஸ்ட் வந்தா போதும்ல? கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல?" குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்து நாலு முறை அழித்தேன். எழுதிவிடுவதே மேல் என்று பட்டது.

போதாது, தங்கச்சி.

முதலில் மாவட்டம் என்று ஒன்று காகிதத்தில் உண்டு. என் காலத்தில் எங்கள் மாவட்டத்துக்கு டைவிங் என்றால் நானும் என் நிழலும்தான். பிறகு மாநிலம், பிறகு தேசியப் போட்டி. அதில் முதல் சில இடங்களுக்குள் வந்தால் பயிற்சி முகாம். முகாமின் கடைசியில் தேர்வுப் போட்டி. ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேர் வரைதான் போகலாம். ஆனால் அந்த இரண்டு பேரை அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தகுதிப் புள்ளி அங்கேதான் வருகிறது. சென்ற முறை அதே ஆசியப் போட்டியில் ஆறாவதாக வந்தவள் எடுத்த புள்ளியைத் தேர்வுக் குழு முகாமின் சுவரில் ஒட்டிவிடும். நீ முதலிடம் வந்தாலும் அந்த எண்ணைத் தொடவில்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம். முகம் தெரியாத வேறு நாட்டுக்காரி ஒருத்தியோடு, அவள் இல்லாத குளத்தில், நாம் போட்டி போடுகிறோம். அவளுக்கு இந்த விஷயமே தெரியாது.

அந்த எண்ணை நான் ஒருமுறையும் தொடவில்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தகுதி பெறாதவள் சொல்கிற தகுதிக் கதை இது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பள்ளிக்கு ஆள் தேடி வந்தவர்கள் என் கை நீளத்தை அளந்தார்கள், குட்டிக்கரணம் போடச் சொன்னார்கள், சமவெளியில் இருந்த விளையாட்டு விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். முதல் வருடம் வெயிலில் தோல் உரிந்தது. பிறகு உரியவில்லை. நடுவில் அஞ்சல் வழியில் இயற்பியல் படித்தேன். விடுமுறைக்கு வந்தால் ஊரில், "என்னத்தா மயிலு, இந்த வருசம் எத்தன தடவ விழுந்த?" என்று விசாரிப்பார்கள். பத்து வருடம் அப்படிப் போயிற்று.

என் பயிற்சியாளர் அருளப்பன் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் விசில் வைத்துக்கொண்டதில்லை. ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருப்பார். குதித்துவிட்டுக் கரையேறினால் நல்லா இருக்கு என்றும் சொல்ல மாட்டார், மோசம் என்றும் சொல்ல மாட்டார். நாங்கள் துண்டைப் பிழிந்து தோளில் போடும்வரை காத்திருப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"எத்தன தடவ தண்ணியப் பாத்த?"

வெளியாள் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எங்கள் தொழிலே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. காற்றில் சுருண்டு சுழலும்போது நாங்கள் கண்ணை மூடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் தண்ணீர் கண்ணில் பட்டு மறையும். அதை எண்ண வேண்டும். பின்பக்கமாக இரண்டரைச் சுற்று என்றால் மூன்று தண்ணீர். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது தண்ணீர் வந்ததும் காலை உதறி உடம்பைத் திறந்து, கையை நீட்டித் தலைகீழாக உள்ளே போக வேண்டும். முன்னால் திறந்தாலும் கெட்டது, பின்னால் திறந்தாலும் கெட்டது. எண்ணிக்கையை மறந்துவிட்டு மூணு என்று அடித்துவிட்டால் சார் விட மாட்டார்.

"ரெண்டுன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். மூணுங்கிறியே, அப்ப மூணாவது எங்க இருந்துச்சு? ஆகாசத்துலயா?"

ஆகாசத்தில் இருப்பதும் நடக்கிற காரியந்தான். வெட்டவெளிக் குளத்தில் காற்றில்லாத நாளில் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். வானமும் அதுவும் ஒரே நிறம். சுழல்கிறவளுக்கு மேலெது கீழெது என்று தெரியாது. அதனால்தான் டைவிங் குளத்தில் பலகைக்குக் கீழே ஒரு தெளிப்பான் ஓடிக்கொண்டே இருக்கும். சின்னக் குழாய், தோட்டத்தில் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் தெளிப்பது மாதிரிப் பீய்ச்சும். அந்தச் சலசலப்புதான் எங்களுக்கு அடையாளம்.

போட்டிக்கு முந்தின நாள் பட்டியல் எழுதுவோம். ஐந்து குதி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் எழுத்து. முதல் இலக்கம் எந்தத் திசையில் போகிறோம் என்பது, கடைசி இலக்கம் எத்தனை அரைச்சுற்று என்பது, எழுத்து உடம்பை எப்படி மடிக்கிறோம் என்பது. 205 சி என்றால் பின்பக்கம், ஐந்து அரைச்சுற்று, சுருண்டு. பட்டியலை எங்கள் கையாலேயே எழுத வைத்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார் சார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின் மாற்ற முடியாது. எழுதியதை விட்டு வேறொன்றைக் குதித்தால் அந்தக் குதிக்குச் சுழி மதிப்பெண். தலை போக வேண்டிய குதியில் கால் முதலில் போனாலும் சுழி.

"நாளைக்குக் காலையில பயமா இருக்கும்," என்பார். "பயம் வர்றதுக்கு முந்தி எழுதிக் குடுத்துறணும். அதுக்குத்தான் முந்தின நாளே வாங்குறாங்க."

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது எங்கள் பயிற்சிக் குளத்தைப் பராமரிப்புக்காகச் சில மாதங்கள் மூடினார்கள். அடுத்த வருடம் தேர்வுப் போட்டி. சார் பயிற்சி அறையிலிருந்த இடுப்புப் பட்டையை என்னிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கப்பியில் போட்டுத் தூக்கினால் அந்தரத்தில் சுழலலாம். எங்கள் கொட்டகை விட்டம் நல்ல உயரம், பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிடுவதற்காகக் கட்டியது. பூண்டு விற்றுவிட்டால் காலியாகக் கிடக்கும்.

பஸ் ஏறுவதற்கு முன் சார் சொன்னது இதுதான்.

"கீழ சாக்கு விரிச்சுக்க. கலரா எதுவும் போடாத. ஒடம்பு சுத்தப் பழகட்டும், கண்ணு சும்மா கெடக்கட்டும். கண்ணு அங்க எதையும் கத்துக்கக் கூடாது."

ஒரு வாரம் சாக்கு விரித்தேன். பிறகுதான் அந்த மழையும் தார்ப்பாயும்.

கயிற்றின் ஒரு பக்கத்தை அண்ணனும் மறுபக்கத்தை மதினியும் பிடிப்பார்கள். அண்ணன் மூன்றாம் நாளே நழுவிவிட்டான், மருந்தடிக்கிற சோலி இருக்கிறதென்று. அந்தப் பக்கக் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு மதினி ஒற்றையாளாக இழுத்தாள். பூண்டு மூட்டை தூக்கிய கை. கொடைக்கானலில் ஒரு பள்ளி வேண்டாமென்று கழித்துப்போட்ட டிராம்போலினில் நான் நாலு முறை எம்பி, பின்பக்கமாகச் சுருள்வேன். அவள் சரியான நேரத்தில் இழுப்பாள். இரண்டரைச் சுற்று முடிந்து தலைகீழாகத் தொங்குவேன். கீழே நீலம்.

"வவ்வாலு கணக்கா தொங்குது பாரு," என்பாள் மதினி. "இதுக்கா காலேஜு படிச்ச? கயித்த விட்டேன்னா பூண்டு மாதிரி தோலு உரிஞ்சு போவ."

"விட்டுறாதீங்க மதினி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க."

"நீதான சுத்துற. நான் எதுக்கு எண்ணணும்? எனக்கு அடுப்புல ஒல கெடக்கு."

இரண்டு மாதம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை. என் கண் அந்த நீலத்தைப் படித்தது. நீலம், நீலம், மூன்றாவது நீலம், திற. கடைசியில் நான் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது நீலம் வந்ததும் உடம்பு தானாகத் திறந்துகொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சார் சொன்ன சாக்கை விட என் மூளை பெரிது என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

குளம் திறந்தபின் முதல் நாள் 205 போட்டேன். உள்ளே போன இடத்தில் தண்ணீர் ஒரு பிடி கூடத் தெறிக்கவில்லை. துண்டைப் பிழிந்து தோளில் போட்டேன். சார் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"ஊர்ல கீழ என்ன போட்ட?"

"சாக்குதான் சார்."

இவ்வளவுதான். ஒரு சொல். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று அன்று தோன்றியது.

தேர்வுப் போட்டி வடக்கே ஒரு நகரத்தில் நடந்தது. வெட்டவெளிக் குளம். ஆறு பெண்கள், ஐந்து நடுவர்கள். ஐந்து மதிப்பெண்ணில் அதிகமானதும் குறைவானதும் போக, மிச்சம் மூன்றையும் கூட்டிக் கடினத்தின் அளவால் பெருக்குவார்கள். மூன்று குதி முடிந்தபோது நான் முதலிடத்தில் இருந்தேன். சுவரில் ஒட்டிய எண் எட்டும் தூரத்தில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அது எனக்கு வெறும் எண்ணாகத் தெரியாமல், ஏறிப் போகக்கூடிய பஸ் மாதிரித் தெரிந்தது.

அப்போது கரண்ட் போயிற்று. மதிப்பெண் பலகை அணைந்தது, கணினி அணைந்தது, தெளிப்பான் நின்றது. ஒரு மணி நேரம் எல்லோரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். பாவம் பிள்ளைகள் காய்கிறார்கள் என்று யாரோ இரக்கப்பட்டு, ஏணிகளுக்குப் பின்னால் இரண்டு கம்பத்தை நட்டு ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள். நீலத் தார்ப்பாய். கட்டியவருக்கு நான் நன்றி கூடச் சொன்னேன்.

கரண்ட் வந்தது. கணினியைப் போட்டார்கள், மதிப்பெண் பலகையைப் போட்டார்கள். தெளிப்பான் மோட்டாரைப் போட மறந்துவிட்டார்கள்.

நாலாவது குதி முன்பக்கம் பார்த்துப் போவது. தார்ப்பாய் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நன்றாகவே முடிந்தது. கடைசிக் குதிக்கு நடுவர்கள் ஆளுக்கு ஆறு, ஆறரை கொடுத்தால் போதும். பயிற்சியில் அதற்கு மேலேயே வாங்கிக்கொண்டிருந்தேன். முதலிடத்தில் இருப்பவள் கடைசியாகக் குதிக்க வேண்டும். மற்ற ஐந்து பேரும் முடித்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் என் பெயரும் 205 சி என்பதும் ஒலித்தன. பலகை நுனியில் குதிகாலை வெளியே விட்டு, குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். எதிரே தார்ப்பாய். நல்ல நிழல், முடித்துவிட்டு அங்கே போய் உட்காரலாம் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

எம்பினேன். சுருண்டேன். முதல் தண்ணீர். இரண்டாவது தண்ணீர். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்திருக்க வேண்டும். தார்ப்பாய் உப்பி எழுந்து, எங்கள் கொட்டகையில் செய்தது போலவே நெளிந்தது. நீலம். என் உடம்பு திறந்துகொண்டது.

அரைச்சுற்று முன்னால். கால்தான் முதலில் உள்ளே போனது, அதைத் தொடர்ந்து முதுகு அறைந்தது. தண்ணீருக்குள் ஒரு சத்தமும் இல்லை. மேலே வந்தபோதும் இல்லை. யாருக்கும் மதிப்பெண் பலகையைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

கரையேறினேன். தலைமை நடுவர் தம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உயரமான மனிதர், வேறு மாநிலத்துக்காரர். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓடாமல் நின்ற தெளிப்பானைப் பார்த்தார், பிறகு அருளப்பன் சாரைப் பார்த்தார். மறுகுதிக்குக் கேட்பதென்றால் அப்போதே, அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். தெளிப்பான் நின்றதால் தண்ணீர் தெரியவில்லை என்று ஒரு வாக்கியம் போதும். அவர் கொடுத்துவிடுவார். அது அவர் நிற்கிற தினுசிலேயே தெரிந்தது. "ஏதாவது கோரிக்கை இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் அவரே கேட்டார்.

சார் அவரிடம் கையைக் காட்டிக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு நான் துண்டைப் பிழியும்வரை காத்திருந்தார். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு தலைமை நடுவரை நிற்க வைத்துவிட்டு, அந்த மனிதர் என் துண்டுக்காகக் காத்திருந்தார். பிழிந்து தோளில் போட்டேன். முதுகு பற்றி எரிந்தது.

"எத்தன தடவ தண்ணியப் பாத்த?"

சுற்றியிருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. 'பாக்கவே இல்ல சார், தெரியல' என்றால் போதும். நாக்கு நுனியில் இருந்தது. பத்து வருடமும் அந்தச் சுவரில் ஒட்டிய எண்ணும் என் கண்முன்னால் நின்றன. ஆனால் பத்து வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"மூணு, சார்."

"மூணாவது எங்க இருந்துச்சு?"

கையை நீட்டிக் காட்டினேன். ஏணிக்குப் பின்னால் தார்ப்பாய் அடங்கிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

சார் அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கொட்டகையும் சாக்கும் அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தலைமை நடுவர் பக்கம் திரும்பி, "நோ ரிக்வெஸ்ட், சார்," என்றார்.

சுழி விழுந்தது. என்னை முந்தி முதலிடம் வந்தவள் தகுதிப் புள்ளிக்கு வெகு கீழே இருந்தாள். எங்கள் பிரிவில் அந்த வருடம் யாருமே போகவில்லை. அவள் வந்து என் பக்கத்தில், அந்தத் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்தாள். பதக்கத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

திரும்பும் ரயிலில், மறுநாள் மதியம், நான்தான் ஆரம்பித்தேன்.

"சார், சாக்கு போடல."

"தெரியும்."

"தெளிப்பான் நின்னது நெஜம்தான சார். அதச் சொல்லிக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம். நடுவரு குடுத்திருப்பாரு." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "மறுபடி ஏறியிருப்ப. அதே 205. அதே தார்ப்பாய் அங்கனயேதான் தொங்கும். ஒன் கண்ணு அதுக்குள்ள மாறியிருக்குமாத்தா? இந்தத் தடவ முதுகு. அடுத்த தடவ தலையாயிருந்தா?"

"தார்ப்பாய அவுக்கச் சொல்லியிருக்கலாம்."

"என்ன காரணம் சொல்லி? அஞ்சு பேரு அதுக்கு முன்னாலதான் குதிச்சாங்க. அவங்களுக்கு அது தார்ப்பாயாத்தான் தெரிஞ்சுச்சு."

கொஞ்ச தூரம் போனபின் அவரே சொன்னார்.

"நான் ஒன்னையக் கேக்காமலே அவருகிட்டப் போயிருக்கலாம். பழக்கதோசம். கேட்டுட்டேன்."

அதை வருத்தமாகச் சொன்னாரா, வெறுமே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சார் செய்தது சரி என்று சில நாட்களில் தோன்றும். தெளிப்பான் நின்றது அவர்கள் தவறு, அதைக் கேட்பது நம் உரிமை, அந்த உரிமையை என் அனுமதி இல்லாமல் அவர் விட்டுக்கொடுத்தார் என்று வேறு சில நாட்களில் கோபம் வரும். இரண்டும் மாறி மாறி வந்து எனக்கு அலுத்துவிட்டது. சமாதானம் கிடைத்துவிட்டது என்று எழுதினால் பொய்.

போளூரில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்க தொங்குனது நம்ம தார்ப்பாயா?" என்றார்.

"இல்லப்பா. வேற."

"அப்பச் சரி. நம்மளது பூண்டையும் காப்பாத்தல, ஒன்னையும் காப்பாத்தலன்னா அத வச்சுக்கிட்டு என்ன செய்ய."

மதினி அந்தத் தார்ப்பாயை மடித்துக் கொட்டகைக்கு வெளியே, விறகு மூடப் போட்டுவிட்டாள்.

அதன்பின் நீலத்தை மறக்க இரண்டு வருடம் ஆயிற்று. ஒன்றைக் கண்ணுக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு மாதம் போதும், மறக்கவைக்கத்தான் வருடங்கள் வேண்டும். குளத்தின் அடியைப் பார், தெளிப்பானின் சலனத்தைப் பார், நிறத்தைப் பார்க்காதே என்று முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒரு சுற்றிலிருந்து மறுபடி தொடங்கினேன். வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது சந்தைப் பக்கமே போக மாட்டேன். அங்கே கடைக்குக் கடை நீலத் தார்ப்பாய்.

இன்னொரு தேர்வுப் போட்டி வந்தது. அதில் முதலிடம். தகுதிப் புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. அது யாருடைய குற்றமும் இல்லை, தார்ப்பாயும் இல்லை, தெளிப்பான் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்தவள் என்னை விட இரண்டு புள்ளி நல்லவள், அவ்வளவுதான். கரையேறித் துண்டைப் பிழிந்தேன். "மூணு சார், மூணும் தண்ணி," என்றேன், அவர் கேட்பதற்கு முன்னாலேயே. சார் தலையாட்டினார். பிறகு தோள் போயிற்று. ஓய்வுக் கடிதத்தை மூன்று வரியில் எழுதிக் கொடுத்தேன்.

அதனால் தங்கச்சி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். முதலிடம் போதாது. எண்ணைத் தொட வேண்டும். எண்ணைத் தொட ஐந்து குதியும் வேண்டும். ஐந்து குதிக்கும் நீ எதைப் பார்த்துப் பழகினாய் என்பது வேண்டும். பட்டியலை இணையத்தில் ஏற்றினாலும் கையால் எழுதினாலும் அதை முந்தின நாளே எழுது. மிச்சமெல்லாம் நான் சொல்லித் தெரிகிற விஷயமில்லை.

எனக்கு ஓய்வு ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சனி ஞாயிறு போளூருக்கு வந்தால் கொட்டகை விட்டத்தில் அந்தக் கப்பி இன்னும் தொங்குகிறது, கை சும்மா இருக்க மறுக்கிறது. அடுத்த மாதம் டைவிங் அலுவலர்களுக்கான தேர்வு நடக்கிறது. விண்ணப்பித்துவிட்டேன். எந்தப் பொறுப்பை விரும்புகிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் நடுவர் நாற்காலியைத்தான் எழுதுவார்கள். நான், போட்டிக்கு முன் குளத்தைச் சோதிக்கிற வேலை என்று எழுதினேன். ஆழம், வெளிச்சம், பலகையின் நீளம், தெளிப்பான் என்று சோதிப்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. பலகை நுனியில் முதுகைக் காட்டி நிற்பவளுக்கு என்ன தெரிகிறது என்பது, நான் படித்தவரை, அதில் இல்லை.

விண்ணப்பித்ததை மட்டும் சாருக்குச் செய்தியாக அனுப்பினேன். "சரி. குனியும்போது கீழ விழுந்துறாத," என்று பதில் வந்தது. நான் என்ன செய்யப் போகிறேன் என்று எழுதவே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

தேர்வில் தேறி, ஒரு குளத்தின் சாவி என் கைக்கு வந்தால், வெள்ளனே போய்விடுவேன். பிள்ளைகள் வந்து சேர்வதற்கு முன் மூன்று மீட்டர் ஏணியில் ஏறுவேன். அதற்குத் தோள் தேவையில்லை. பலகை நுனியில் திரும்பி நின்று, குனிந்து, என் கால்களுக்கு நடுவே தலைகீழாக ஒருமுறை சுற்றிப் பார்ப்பேன். தண்ணீர் இல்லாத இடத்தில் ஏதாவது நீலமாக இருந்தால், இறங்கி வந்து அவிழ்ப்பேன்.